இடது காதில் ஏலக்காய் வாசம்

அத்தியாயம் 4

"போன மாசம் நம்ம வெப்சைட்டுக்குப் பதினாலு பேர் வந்திருக்காங்கக்கா" என்றான் சிஜு. "அதுல ஒம்பது பேர் நான்தான்."

மருதாத்தாள் டீ டம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி டீ கீழே போனது. "மிச்சம் அஞ்சு பேரு?"

"நாலு பேரு வழி தப்பி வந்தவங்க. ஒருத்தர் நாய் பிடிக்கிற ஆளைத் தேடியிருக்கார். ரெண்டு நிமிஷம் இருந்து பாத்திருக்கார், பாவம்."

பாலக்காட்டுச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது மருதாத்தாள் துப்பறியும் நிலையம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஓடாத ஒரு மின்விசிறி. உதவியாளன், டிரைவர், டைப்பிஸ்ட், வெப்சைட் அதிகாரி எல்லாம் சிஜு ஒருத்தனே. மூணாறுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முப்பத்தாறு வயதில் இங்கே வந்து இந்த அம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நல்ல கீவேர்ட் இல்லாம ஒரு ரட்சையும் இல்லக்கா, ஒருத்தரும் வர மாட்டாங்க. சனங்க எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுறாங்களோ அந்த வார்த்தை நம்ம பக்கத்துல இருக்கணும். நான் 'தனியார் புலனாய்வுச் சேவை, பாலக்காடு'ன்னு போட்டு வச்சிருக்கேன்."

"எவன்டா அப்படிப் பேசறான்?" மருதாத்தாளின் குரல் கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் போனது. "பதினெட்டு வருசம் போலீஸ் ஸ்டேசன்ல ரைட்டரா இருந்தவ நானு. 'புலனாய்வு வேணுமுங்க'ன்னு ஒருத்தனாச்சும் வந்து நின்னிருப்பானா? 'என்ற மாட்டைக் காணமுங்க'ம்பான். 'என்ற புருசன் எங்கியோ போயிட்டு வந்து பொய் சொல்றானுங்க'ம்பா. அவிக சொல்றத அப்படியே எழுது. ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத. தானா வருவாங்க."

சொன்னதை அப்படியே எழுதுவது அவளுக்கு வேதம். ஒரு புகாரில் நாலே நாலு வார்த்தையை மாற்றி எழுதச் சொன்ன அதிகாரியின் மேசையில் பதிவேட்டை விட்டெறிந்துவிட்டு வேலையை விட்டவள். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கோபம் மட்டும் நேற்று வந்ததுபோலவே இருந்தது.

படியேறி வந்து வாசலில் நின்றாள் அன்னாள். சிஜுவின் பக்கத்து லயத்துக்காரி. விடியுமுன் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், கொடுத்த தண்ணீரைத் தொடவே இல்லை.

"எங்க வீட்டுக்காரவுகளக் கண்டுபிடிச்சுக் குடுங்கக்கா" என்றாள்.

வீட்டுக்காரர் பெயர் பாஸ்கல். ஐம்பத்து நாலு வயது. இரண்டு சிறுநீரகமும் போய், திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். போன வெள்ளிக்கிழமை அதைச் செய்துகொண்டு வந்தவரை, சனிக்கிழமை ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. 'வேர்முனை வைத்திய இல்லம்' என்று ஒரு வெப்சைட். பச்சிலைச் சாறு, இருபத்தொரு நாள், பூரண குணம். வேனில் நோயாளியைத் தவிர வேறு யாரையும் ஏற்ற மாட்டார்களாம்.

"கேரளா-தமிழ்நாடு எல்லையில, கோபாலபுரம் செக்போஸ்ட்ல வண்டி நிக்கு, டீ குடிக்கப் போறோம்னு போன் பண்ணினாக. அதான் கடைசி. பெறகு போன் அமந்துபோச்சு. எங்க ஊர்ப் போலீசுக்குப் போனா, வண்டி எல்லை தாண்டி அந்தப் பக்கம் போயிட்டு, அங்க போய்ச் சொல்லுங்காக. அங்க கேட்டா, ஆளு எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ல எழுதிக் குடுங்கங்காக."

"நல்லா இருக்குதுங் அம்மிணி இவிங்க ஞாயம்" என்றாள் மருதாத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோபம் தலைக்கேறினால் அவள் செய்கிற முதல் காரியம் அது. "டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஒரு தடவ விட்டாத் தாங்கலாம், ரெண்டாவது விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்னு சொன்னாக. நேத்து ஒண்ணு விட்டுப்போச்சு. நாளைக்கு ரெண்டாவது."

இன்று செவ்வாய். நாளை சாயங்காலத்துக்குள் பாஸ்கலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேல் கண்டுபிடித்தும் பிரயோஜனம் இல்லை.

"சித்தி நேத்து போன்ல சொன்னதுமே நான் புது நோயாளி மாதிரி அந்த நம்பருக்குப் பேசினேன்க்கா" என்றான் சிஜு. "அட்ரஸ் வேண்டாம், சனிக்கிழமை வண்டி வரும், நாங்களே கூட்டிக்குவோம்னு சொல்லி வச்சிட்டாங்க."

"சனிக்கிழமை கருமாதிக்குப் போறதா? அந்தக் கருமத்த இங்க காட்டு."

சிஜு அந்த வெப்சைட்டைத் திறந்தான். தாடி வைத்த ஒருவர், வாழையிலை, மருந்தரைக்கும் கல்வம். பக்கத்தின் அடியில் ஒரு சாண் அளவுக்கு வெள்ளையாக வெற்றிடம். சிஜு மவுஸை அழுத்திப் பிடித்து அந்த வெற்றிடத்தின் மேல் இழுத்தான். நீல நிறத்தில் வரி வரியாக எழுத்துகள் கிளம்பி வந்தன.

"வெள்ளையில வெள்ளையா எழுதி ஒளிச்சு வச்சிருக்கான். பழைய தந்திரம். நம்ம கண்ணுக்குத் தெரியாது, தேடுற மிஷினுக்குத் தெரியும். இதெல்லாம் அவன் கீவேர்ட்." சிஜு படித்தான். "'ஏலக்காட்டுல மருந்தடிச்சதுல இருந்து கை நடுங்குது.' 'மேடு ஏறினா மூச்சு நிக்குது, கூடை தூக்க முடியல.' அடப்பாவி, இது எங்க லயத்துப் பேச்சுக்கா! எவனோ கூட இருந்தே கேட்ட மாதிரி இருக்கு. 'கால் வீக்கம் வடிஞ்சா ஒம்பது செவ்வாய் வந்து மெழுகுதிரி ஏத்துறேன்.'"

"நிறுத்து" என்றாள் மருதாத்தாள். "அதைய மறுக்காப் படி."

படித்தான்.

"நோய் வந்தவன் போன்ல என்ன வேணாலும் கேப்பான். ஆனா கூகிளுக்கு எவன்டா நேர்த்திக்கடன் வெப்பான்?"

சிஜுவுக்குச் சிரிப்பு வந்தது. அன்னாளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

"அது அந்தோணியாருக்கு எழுதுறதுல்லா" என்றாள். "செவ்வாக்கிழமை நவநாள் ஜெபத்துல எங்க குருசடிக் கோயில்ல சீட்டு எழுதிப் பெட்டியில போடுவோம். அப்படித்தான் எழுதுவோம். நானும் எழுதிப் போட்டேன். 'எங்க வீட்டுக்காரவுக கையில இனிம ஊசி குத்தாம, மூத்திரம் தானாப் பிரியணும்'னு. மறுநா புதன்கிழமை, தேயிலை கிள்ளிட்டு வந்து, போன்ல மைக்க அமுக்கி அதே வார்த்தையச் சொன்னேன். சொன்ன வார்த்தை அச்சுப் பெசகாம இந்தப் பக்கத்துல வந்துச்சு, போனே வாசிச்சுக் காட்டிச்சு. 'கையில் ஊசி குத்தாமல் சிறுநீர் தானாகப் பிரிய.' நான் கேட்டதுக்குப் புனிதர்தான் பதில் சொல்லுதாருன்னு நெனச்சேன். முழங்கால் போட்டு அழுதேன்க்கா."

சிஜுவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஒரு பொம்பளை சாமியிடம் அழுத வார்த்தையைத் திருடி, அவளுக்கே தூண்டில் போட்டிருக்கிறான் எவனோ. எந்த ஊர் நியாயம் இது? கையில் கிடைத்தால் எலும்பை எண்ணிவிட வேண்டும் என்று நினைத்தான்.

அவன் வெப்சைட்டின் பக்கங்கள் ஏறிய தேதிகளை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் புதன்கிழமை. நாலு மாதமாக ஒரு புதன் தவறவில்லை.

"செவ்வாக்கிழமை பெட்டி, புதன்கிழமை பக்கம்" என்றாள் மருதாத்தாள். "வார்த்தையக் குடுக்கிறவனப் புடிச்சா, வாங்கறவன் ஊடு தெரியும். அம்மிணி, அந்தச் சீட்டு ஆரு கையில எல்லாம் போகும்?"

"யாரும் வாசிக்கப்பிடாது. பெட்டி பூட்டிக் கெடக்கும். சாவி கோயில் வேலை பாக்குற கோயில்பிள்ளை சின்னமுத்து கையில. நவநாள் முடிஞ்சதும் அவருதான் எல்லாத்தையும் கொட்டி எரிப்பாரு. எனக்கு எழுத்து தெரியாது, எம் மவன் ஜோமோன்தான் எழுதித் தந்தான். எழுதத் தெரியாத எல்லாருக்கும் வாசல்ல மேசை போட்டு உக்காந்து அவந்தான் எழுதுவான்."

"சின்னமுத்து!" சிஜு மேசையில் குத்தினான். "அந்த ஆளு ஈஸ்டருக்குப் புது போன் வாங்கியிருக்காருக்கா. பெருசு! கன்னத்துல வச்சா முகமே தெரியாது."

மருதாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வண்டிய எடு. இன்னிக்கும் செவ்வாக்கிழமைதான? அம்மிணி, இங்க வந்தத ஆருகிட்டயும் மூச்சு விடாதீங்க. ஊட்லயும் சொல்லாதீங்க."

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று ஜீப் மேலே ஏறியபோது அன்னாள் பின் சீட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். மருதாத்தாள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். ரோட்டுக் குழியை, எதிரே வந்த லாரியை, ஊர் பேர் தெரியாத அந்தத் தாடிக்காரனை. சிஜு இடையிடையே 'ஆமாக்கா' போட்டான்.

எஸ்டேட் எல்லையில் அன்னாள் இறங்கி நடந்து போனாள். அந்தோணியார் குருசடியில் ஐந்து மணிக்கே நல்ல கூட்டம். செவ்வாய்க்கிழமை அங்கே வேதக்காரர், இந்து என்று பார்ப்பதில்லை. கீழ்நாட்டிலிருந்துகூட ஜீப் பிடித்து வருவார்கள். அதனால் நெற்றியில் திருநீற்றோடு மருதாத்தாள் வரிசையில் நின்றதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் மேசையில் ஜோமோன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது, ஒல்லி, காலடியில் ஒரு லேப்டாப் பை. பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதி, எழுதியதைப் படித்தும் காட்டினான். அப்பன் காணாமல் போன கவலை கண்ணில் தெரிந்தது. இந்த நிலைமையிலும் வந்து ஊராருக்கு எழுதுகிறானே என்று சிஜுவுக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது.

"உங்க பேரும்மா?" என்றான் ஜோமோன்.

"கமலாத்தாளுங் தம்பி. பொள்ளாச்சிப் பக்கம்."

"என்ன வேண்டிக்கணும்?"

"இடது காதுல ஏலக்காய் வாசம் வருதுங்."

பேனா நின்றது. "காதுலயா?"

"காதுலதானுங். மூக்குல வந்தா அதுக்கெதுக்கு நான் இத்தனை தூரம் வாறேன்?"

சிஜு தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று இருமினான். ஜோமோன் சிரிக்கவில்லை. எழுதி, மடித்து, பணிவாகக் கையில் கொடுத்தான். மருதாத்தாள் பெட்டியின் முன்னால் போய் நின்றாள், சீட்டைப் போட்டாள், சற்று நேரம் அங்கேயே நின்று கும்பிட்டாள். பக்திதான் முற்றிவிட்டது என்று நினைத்தான் சிஜு.

நவநாள் முடிந்தது. கோயில்பிள்ளை சின்னமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். சிஜு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் அவர் வெளியே வந்து சீட்டுகளை இரும்புத் தட்டில் கொட்டித் தீ வைத்தார். சட்டைப் பைக்குள் அந்தப் பெரிய போன் புடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, சிஜுவின் அக்கா ஷிஜி வீட்டில் கட்டன் சாயாவோடு உட்கார்ந்து, சிஜு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தான். எட்டேகாலுக்கு வந்தது.

"அக்கா! வந்துட்டு! 'இடது காதில் ஏலக்காய் வாசமா? இருபத்தொரு நாளில் பூரண குணம்!' கீழ ஒரு ஆளு சாட்சி வேற சொல்லுறான். நேத்துச் சாயங்காலம் பொறந்த நோய்க்கு இருபத்தொரு நாள் மருந்து சாப்பிட்டுச் சொகமாயிட்டானாம், இவன் எந்தக் காலண்டர் பாக்குறான்?" சிஜு செருப்பை மாட்டினான். "நான் சின்னமுத்தைப் போய் மிதிச்சுட்டு வாறேன். நீங்க சாயாவைக் குடிச்சு முடிங்க."

"உக்காரு" என்றாள் மருதாத்தாள். "'வலது முட்டியில மணி அடிக்குது.' அது இருக்குதான்னு பாரு."

சிஜு தேடினான். வெள்ளை இடத்தை இழுத்துப் பார்த்தான். எங்கும் இல்லை. "இது என்ன புது நோய்?"

"நேத்து நான் பெட்டியில ரெண்டு சீட்டுப் போட்டேன். ஏலக்காய் வாசம் அந்தப் பையன் எழுதினது. முட்டியில மணி, நானே என்ற கையில எழுதி ஒளிச்சுக் கொண்டுபோய்ப் போட்டது. பெட்டியத் திறந்து படிக்கிறவனா இருந்தா ரெண்டும் வந்திருக்கோணும். ஒண்ணுதான் வந்திருக்குது."

சிஜு மாட்டிய செருப்பைக் கழற்றினான்.

"சின்னமுத்து பாவம், நாயத்தோட எரிச்சிருக்கிறாரு" என்றாள் மருதாத்தாள். "வார்த்தை பெட்டிக்குப் போறதுக்கு முன்னாலயே களவு போயிருக்குது."

"ஜோமோனா? அவன் அப்பனைத்தான்க்கா தூக்கிட்டுப் போயிருக்காங்க!"

"அதைய அவன்கிட்டயே கேப்போம்."

அன்னாள் வீட்டு அடுப்படியில் புகைந்துகொண்டிருந்தது. ஜோமோன் சுவரோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். மருதாத்தாளைப் பார்த்ததும் 'கமலாத்தாள்' என்று எழுந்தான். அவள் பின்னால் சிஜுவைக் கண்ட அடுத்த நொடியே அவன் முகம் வெளுத்தது.

"காது இப்பப் பரவால்லீங் தம்பி" என்றாள் மருதாத்தாள். "உன்ற கம்பெனியே குணப்படுத்திருச்சு."

ஜோமோன் மறுக்கவில்லை. அதுதான் சிஜுவுக்குத் தாங்கவில்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

எட்டு மாதமாக அவனுக்கு அந்த வேலை. புது கீவேர்ட் கண்டுபிடித்துக் கொடுப்பது. முதலில் கம்ப்யூட்டர் காட்டுகிற வார்த்தைகளையே கொடுத்திருக்கிறான். ஆள் வரவில்லை. முதலாளி, 'சார்' என்றுதான் பெயரே தெரியும், நோயாளி வாயால் சொல்லுகிற வார்த்தை வேண்டும் என்று நச்சரித்தார். செவ்வாய்க்கிழமை மேசையில் அது தானாக வந்து விழுந்தது. யார் பெயரையும் நான் கொடுக்கவில்லை, நோயை மட்டும்தான் கொடுத்தேன், அதில் என்ன குற்றம் என்று கேட்டான்.

"உங்கம்மா வார்த்தையையும் குடுத்தியேடா!" சிஜு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"வேணும்னுதாண்ணே குடுத்தேன்!" ஜோமோனும் கத்தினான். "வாரம் மூணு நாள் எங்கப்பன் கையைக் குத்திக் குத்திக் கருக வைக்கிறாங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கணுமா? இந்த வைத்தியத்துக்குப் போகச் சொல்லி எத்தனை தடவ கேட்டேன். நான் சொன்னா அம்மா நம்ப மாட்டா. அந்தோணியார் சொன்னா நம்புவா. அதான்."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அன்னாள் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"நீ நம்புனியா?" என்று கேட்டாள் மருதாத்தாள்.

"நம்பினேன். இப்பவும் நம்புறேன். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேர் வர்றாங்க அந்தப் பக்கத்துக்கு. பொய்யா இருந்தா இத்தனை பேர் வருவாங்களா?"

"எருமை!" மருதாத்தாள் கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த ரெண்டாயிரம் பேரையும் கூட்டியாந்ததே நீதானடா! வந்தவிங்கள எண்ணினியே, பொழைச்சுத் திரும்பிப் போனவன் எத்தனை பேருன்னு ஒரு நாளாச்சும் எண்ணினியா?"

"அப்பா நல்லா இருக்காரு. சார் தினமும் போட்டோ அனுப்புறாரு. குணமாகுற வரைக்கும் யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னாரு." போனை நீட்டினான்.

மூன்று போட்டோ. ஞாயிறு, திங்கள், செவ்வாய். பாஸ்கல் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார், பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் கஷாயம். சிஜு ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"மூணு நாளா அந்த டம்ளர்ல ஒரு மடக்குக்கூடக் குறையலியேடா. உங்கப்பன் என்ன, மருந்தை மோந்து பாத்தே குணமாகுறாரா? ஒரே நாள் எடுத்த போட்டோடா, மடையா!"

ஜோமோன் பார்த்தான். மறுபடி பார்த்தான். அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தான்.

"இடம் எங்க?" மருதாத்தாளின் குரல் இப்போது தணிந்திருந்தது. சிஜுவுக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. "வேலைக்குச் சேந்தப்போ கூப்பிட்டிருப்பானல்ல?"

"கோபாலபுரம் தாண்டி... தென்னந்தோப்புக்குள்ள. பழைய கோழிப் பண்ணை. எனக்கு வழி தெரியும்."

அன்னாள் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். ரெக்சின் பையை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

சிஜு அந்த மலையை அதற்கு முன் அப்படி இறங்கியதில்லை. மருதாத்தாள் வழியெல்லாம் போனில் இருந்தாள். எல்லைக்கு இரண்டு பக்கமும் தன்னோடு வேலை பார்த்தவர்கள், தனக்குப் பயந்தவர்கள், தன்னிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரையும் பிடித்தாள். "எந்தப் பக்கம்னு அப்பறம் அளந்து பாத்துக்குங்க! மொதல்ல ஆம்புலன்ஸ் அனுப்பு!" என்று அவள் கத்தியது சின்னாறு யானைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டரை மணிக்குத் தோப்புக்குள் நுழைந்தார்கள். முன்னறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய டிவி. அதில் ஒரு எண் ஏறிக்கொண்டே இருந்தது: இன்று வந்தவர்கள் 1,964. அதன் கீழே உட்கார்ந்து ஒருவர் வெள்ளைச் சட்டையோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாடிகூட இல்லை. வெப்சைட்டில் இருந்த தாடி வேறு யாருடையதோ.

"அப்பாயின்ட்மென்ட்...?" என்றார்.

"இடது காதுங்" என்றாள் மருதாத்தாள், வலது கையை ஓங்கியபடி. அந்த அறை விழுந்த சத்தத்தில் சிஜுவுக்கு இரண்டு நாள் கோபத்தில் கொஞ்சம் குறைந்தது. எழுந்து ஓடப் பார்த்தவரை அவன் நாற்காலியோடு சேர்த்துத் தள்ளி, போலீஸ் வரும்வரை மேலேயே உட்கார்ந்தான்.

பின்னால் கோழிக் கொட்டகையில் பதினோரு கட்டில் கிடந்தன. மருந்து நெடியா, பழைய கோழி நெடியா தெரியவில்லை. பெயர் எழுதிய சீட்டுகூட எந்தக் கட்டிலிலும் இல்லை. ஆறாவது கட்டிலில் பாஸ்கல். முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அன்னாள் அவர் காலைத் தொட்டு அமுக்கினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"வந்துட்டியா" என்றார் பாஸ்கல். "ஊசியே போட மாட்டேங்கான் புள்ள இங்க. போடச் சொல்லு."

அதைக் கேட்டபோதுதான் ஜோமோன் அழுதான். அவனை யாரும் தேற்றவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஜீப் போனது. போகிற வழியில் சிஜு, பின்னாலேயே வேறு ஆம்புலன்ஸ்களில் வந்துகொண்டிருந்த மற்ற பத்துப் பேரை நினைத்தான். பாதிப் பேருக்கு ஊர் பேர் சொல்லக்கூடத் தெம்பில்லை. அவர்கள் வீட்டிலும் யாரோ போனை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருப்பார்கள்.

"பாஸ்கல் சித்தப்பா போன் அமந்ததும் போன்ல என்னன்னு தேடுனீங்க சித்தி?" என்று கேட்டான்.

"என்னத்தத் தேட? 'வேன்ல கூட்டிட்டுப் போனாக, போன் எடுக்க மாட்டேங்காக'ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். ஒண்ணும் வரல."

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை நிறுத்தியதும், சிஜு போனிலேயே தங்கள் வெப்சைட்டைத் திறந்தான். 'தனியார் புலனாய்வுச் சேவை'யை அழித்தான். அன்னாள் சொன்னதை அப்படியே போட்டு, கீழே இந்த ஆஸ்பத்திரியின் போன் நம்பரையும் போட்டான். ஜோமோன் எட்டிப் பார்த்து, "அண்ணே, நான் வேணா இன்னும் நாலு வார்த்தை..." என்று ஆரம்பித்தான். மருதாத்தாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பாஸ்கலை உள்ளே கொண்டுபோனார்கள். சரியாக நாலரை மணிக்கு மிஷினில் போட்டார்கள். ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "யாராவது நிரப்பிக் கொடுங்க."

ஜோமோன் பழக்கத்தில் கையை நீட்டினான். எத்தனை செவ்வாய்க்கிழமைகள், எத்தனை பேருக்கு எழுதிய கை அது.

அன்னாள் படிவத்தை அவனிடம் கொடுக்கவில்லை. அவனைத் தாண்டி வந்து சிஜுவின் கையில் வைத்தாள். "நான் சொல்லுதேன். நீ எழுது சிஜு."

பெயர், வயது, எத்தனை வருடமாக நோய், கடைசியாக டயாலிசிஸ் செய்தது எப்போது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் உடையவில்லை. கடைசி வரிக்கு வந்தார்கள்.

"நோயாளியோட கூட வந்திருக்கிற சொந்தம் யாரெல்லாம்னு கேட்டிருக்கு சித்தி."

அன்னாள் மகனைப் பார்த்தாள். இரண்டு அடி தள்ளிச் சுவரோரம் நின்றான் அவன்.

"சம்சாரம் மட்டும்" என்றாள். "வேற யாரும் வரலன்னு எழுது."

சிஜுவின் பேனா நின்றது. காலையில் ஜோமோனின் சட்டையைப் பிடித்து உலுக்கியவன்தான். இப்போது கை வரவில்லை. மருதாத்தாளைத் திரும்பிப் பார்த்தான்.

"அவிக சொல்றத எழுது" என்றாள் மருதாத்தாள். "ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத."

சிஜு எழுதினான்.